வண்ணமும் வாய்மையும்

பொய்ச்சாட்சியைத் தடை செய்யும் எட்டாம் கட்டளையை நாம் சிறுவயது முதலே மனப்பாடமாகச் சொல்லி வந்திருக்கிறோம். அதனை நாவினால் செய்யும் குற்றம் என்றே எண்ணிப் பழகியும் விட்டோம். வழக்கு மன்றத்தில் காணாததைக் கண்டதாக உரைப்பதும், அயலாரைப் பற்றி இல்லாததைப் பரப்புவதும் அக்கட்டளைக்கு மாறானவை என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஒரு படம் பொய்ச்சாட்சி சொல்ல இயலுமா? யாருக்கும் தீங்கு நினையாது, வானத்தின் அழகைக் காட்ட வேண்டும் என்ற ஒரே விருப்பத்தோடு எடுக்கப்பட்ட படம் அக்கட்டளையின் வரம்புக்குள் வருமா? இக்கேள்வியை எனக்குத் தந்தவர், புதுப்பட்டினத்தில் மீன் விற்று முதுமை அடைந்த ஒரு பெண்மணி.

மாமல்லபுரத்திற்குத் தெற்கே, கல்பாக்கத்தை ஒட்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் அமைந்த ஊர் புதுப்பட்டினம். அங்கு வாழும் இளைஞர் ஒருவர், சில ஆண்டுகள் சேர்த்த பணத்தைக் கொண்டு குளிரூட்டப்பட்ட வானியல் கேமரா ஒன்றை வாங்கினார். பொங்கல் கழிந்த வாரத்தில், தம் வீட்டு மொட்டைமாடியில் சிறு தொலைநோக்கி ஒன்றில் அதனைப் பொருத்தி, ஓரியன் விண்மீன் குழுவிலுள்ள நெபுலாவைப் படம் எடுத்துக் கருவியைச் சோதித்தார். நெபுலா என்பது விண்வெளியில் பரந்து கிடக்கும் வளியும் தூசும் கலந்த முகில். விண்முகில் என்று தமிழில் சொல்லலாம். பல இரவுகள் விழித்துப் பெற்ற படத்தைப் பெரிதாக அச்சிட்டு, ஞாயிறு மாலைக் கூட்டம் ஒன்றுக்கு அவர் கொண்டுவந்தார். செம்மையும் ஊதாவும் நீலமுமாக, விரித்த சிறகு போன்றிருந்த அப்படத்தைக் கண்டு அனைவரும் வியந்தோம். அம்மூதாட்டி மட்டும் அருகே சென்று நெடுநேரம் உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“ஏம்பா, அங்கியே போய் நின்னு பார்த்தா இப்படித்தான் இருக்குமா?”

“இல்ல ஆயா. கண்ணுக்கு இந்தக் கலரெல்லாம் தெரியாது.”

“அப்போ இந்தக் கலரு ஆண்டவர் போட்டதா, நீ போட்டதா?”

இளைஞர் சற்றுத் தயங்கினார். “ரெண்டும்தான் ஆயா” என்றார்.

கூட்டம் சிரித்தது, பேச்சு வேறு திசையில் சென்றது. எனக்கோ அந்த ‘ரெண்டும்தான்’ காலில் தைத்த முள்ளாக நின்றுவிட்டது. எவ்வளவு ஆண்டவருடையது, எவ்வளவு இளைஞருடையது என்று பிரித்துச் சொல்ல இயலுமா? இயலாதெனில், அப்படத்தைச் சுவரில் மாட்டி, ‘இதுவே ஓரியன் விண்முகில்’ என்று எழுதுவது நேர்மையாகுமா?

கருவியின் இயல்பை முதலில் அறிந்துகொள்வோம். கேமராவின் உள்ளே இருப்பது ஒரு சிறு சிலிக்கன் தகடு. அதில் இலட்சக்கணக்கான நுண்ணிய கட்டங்கள். ஒளித்துகள் ஒரு கட்டத்தில் விழும்போது அங்கே ஓர் எலக்ட்ரான் விடுபடுகிறது. குறித்த நேரம் கழிந்ததும், எந்தக் கட்டத்தில் எத்தனை எலக்ட்ரான்கள் சேர்ந்தன என்று எண்ணி, அவ்வெண்களைக் கொண்டு படத்தை அமைக்கின்றனர். 1969-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வில்லார்டு பாயில், ஜார்ஜ் ஸ்மித் ஆகிய இருவரும் சி.சி.டி. எனப்படும் இத்தகைய தகட்டுக்கு வழி கண்டனர். 2009-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசில் பங்கும் பெற்றனர். இன்று ஆர்வலர்கள் கையாள்பவை பெரும்பாலும் சீமாஸ் என்னும் வேறு வகையைச் சேர்ந்தவை, அடிப்படை ஒன்றே.

சிக்கல் வெப்பத்தில் தொடங்குகிறது. ஒளியைப் போலவே வெப்பமும் சிலிக்கனிலிருந்து எலக்ட்ரானை விடுவிக்கும். ஒளி விடுவித்த எலக்ட்ரானுக்கும் வெப்பம் விடுவித்த எலக்ட்ரானுக்கும் எந்த அடையாள வேறுபாடும் கிடையாது. விண்முகிலின் மங்கிய ஒளிக்காக நிமிடக்கணக்கில் திறந்திருக்கும் கேமராவில், வானிலிருந்து வந்தவையும் கேமரா தன் வெப்பத்தால் தானே உண்டாக்கிக்கொண்டவையும் ஒன்றாகக் கலந்து கிடக்கும். பகலில் எடுக்கும் படத்தில் இது பொருட்டன்று. அங்கே ஒளி வெள்ளமாக வருகிறது. துளித்துளியாக வரும் இடத்தில்தான் கருவி தன்னுடைய புனைவையும் சேர்த்துச் சொல்லத் தொடங்குகிறது.

ஆகவே குளிரூட்டுகின்றனர். வெப்பநிலை ஏறத்தாழ 6 டிகிரி குறையும்போதெல்லாம் இப்பொய் எலக்ட்ரான்கள் பாதியாகின்றன. இயங்கும் கேமராவின் உள்வெப்பம் 26 டிகிரி என்று வைத்துக்கொண்டால், அதனை உறைநிலைக்குக் கீழே 10 டிகிரிக்கு இறக்கும்போது ஆறு முறை பாதியாகி, 64-இல் ஒரு பங்காகச் சுருங்குகின்றன. இதற்குப் பயன்படுவது 1834-இல் பிரெஞ்சுக்காரர் பெல்டியே கண்டறிந்த விளைவு: இருவேறு பொருள்கள் இணையும் இடத்தில் மின்சாரம் பாய்ந்தால், ஒருபுறம் குளிரும், மறுபுறம் சுடும். சுடும் புறத்தின் வெப்பத்தைச் சிறு மின்விசிறி வெளியேற்றிவிடுகிறது.

கடற்கரை ஊர்களில் இவ்வேலை எளிதன்று. குளிர்ந்த தகட்டின்மேல் காற்றின் ஈரம் பனியாகப் படிந்துவிடும் என்பதால், தகடு இருக்கும் அறையை மூடி முத்திரையிட்டு, உள்ளே ஈரமுறிஞ்சும் சிலிக்கா மணிகளை வைக்கின்றனர். முன்புறக் கண்ணாடிக்கு மட்டும் இளஞ்சூடு ஊட்டுகின்றனர். உப்புக் காற்று திருகாணிகளைத் தின்கிறது. சாலை விளக்குகளும் நகரியத்து விளக்குகளும் அடிவானத்தை வெளுக்கச் செய்கின்றன. புதுப்பட்டினத்துக்கு ஏறத்தாழ நேர் மேற்கே, அதே அட்சக்கோட்டை ஒட்டி, சவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. இருவருக்கும் மேலே சுழல்வது ஒரே வானம்தான். ஆனால் வேணு பாப்பு அந்த மலைக்காட்டைத் தேடிச் சென்றதன் காரணம், இக்கடற்கரையில் ஓரிரவு விழித்தவர்களுக்கு விளக்காமலே விளங்கும்.

குளிரூட்டியபின்பும் எஞ்சும் பொய்யை என்ன செய்வது? இதற்கு அவர்கள் கையாளும் முறை எனக்கு மிகவும் பிடித்தது. தொலைநோக்கியின் மூடியை இறுக மூடிவிட்டு, அதே வெப்பநிலையில், அதே கால அளவுக்கு, இருட்டைப் படம் எடுக்கின்றனர். வானம் ஒன்றும் அதில் இல்லை. இருப்பதெல்லாம் கருவி தானாகச் சொல்லிக்கொள்வது. இத்தகைய இருள்படங்கள் பலவற்றின் சராசரியைக் கண்டு, வானத்துப் படத்திலிருந்து கழித்துவிடுகின்றனர். முகில் மூடிய இரவுகளை இதற்கென ஒதுக்கிவைப்பது சிக்கனமானவர்களின் வழக்கம்.

இவ்விடத்தில் ஆன்ம சோதனை பற்றி ஒரு மறையுரையே எழுதிவிடலாம். எழுதுகோலும் அதற்கே விரைகிறது. ஆயினும் அவசரமாக உவமை சொல்பவர் ஒன்றை விட்டுவிடுவார். இருள்படத்தைக் கழிப்பதால் நீங்குவது, மாறாமல் திரும்பத் திரும்ப வரும் பிழை மட்டுமே. ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாகச் சிதறும் இரைச்சலைக் கழிக்க எந்தக் கணக்காலும் இயலாது. அதற்கு ஒரே வழி மீண்டும் மீண்டும் எடுப்பது. நூறு படங்களை அடுக்கினால் இரைச்சல் பத்தில் ஒரு பங்காகக் குறையும். நானூறு எடுத்தாலும் இருபதில் ஒரு பங்குதான். உழைப்பை நான்கு மடங்காக்கினால் பயன் இரு மடங்கு. அடியோடு நீங்குவது ஒருபோதும் இல்லை.

இதுவரை வந்த செயல்களில் பொய் எதுவும் இல்லை. பொய்யை அகற்றும் முயற்சியே இருக்கிறது. மூதாட்டியின் கேள்வியோ நிறத்தைப் பற்றியது. அதற்கு வருவோம்.

நம் கண்ணில் இருவகை உணரிகள் உள்ளன. கூம்பு செல்கள் நிறமறியும். ஆனால் அவற்றுக்கு மிகுந்த ஒளி வேண்டும். கோல் செல்கள் மங்கிய ஒளியிலும் இயங்கும், ஆனால் நிறமறியா. நிலவில்லா இரவில் சிவப்புச் சேலையும் பச்சைச் சேலையும் ஒன்றுபோல் கருத்துக் கிடப்பது இதனால்தான். ஓரியன் விண்முகிலைத் தொலைநோக்கியில் நேரே பார்த்தால் சாம்பல் நிறப் புகை போலத் தெரியும். பெரிய கருவியில் சிலருக்கு மெல்லிய பச்சைச் சாயல் தோன்றும். அருகே சென்றால் நிறம் தெரியாதா என்றுதான் மூதாட்டி கேட்டார். அது கூர்மையான கேள்வி. விடை, தெரியாது என்பதே. சுண்ணாம்பு அடித்த சுவரைப் பத்தடியிலிருந்து பார்த்தாலும் நூறடியிலிருந்து பார்த்தாலும் அதன் வெண்மை ஒரே அளவினதாகவே இருக்கிறது. அருகே செல்லச் செல்லச் சுவர் பெரிதாகிறதேயன்றிப் பளிச்சிடுவதில்லை. விண்முகிலும் அவ்வாறே. ஏறத்தாழ 1,340 ஒளியாண்டுகளைக் கடந்து அதன் வாயிலில் போய் நின்றாலும், வானை நிறைத்த சாம்பல் புகையைத்தான் நம் கண் காணும்.

அப்படியானால் அந்தச் செம்மை எங்கே இருக்கிறது? அது இட்டுக்கட்டியதன்று. விண்முகிலின் நடுவிலுள்ள இளம் விண்மீன்களின் புறஊதா ஒளியால் தூண்டப்பட்ட ஹைட்ரஜன், 656.3 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளிர்கிறது. அது செந்நிற ஒளி. அவ்வொளி ஒவ்வோர் இரவும் புதுப்பட்டினத்து மாடிகளின்மேலும், அங்கே நிற்கும் மனிதரின் விழிக்குள்ளும் விழுந்துகொண்டுதான் இருக்கிறது. நம் கூம்பு செல்களை எழுப்பும் அளவுக்கு அது போதவில்லை, அவ்வளவே. நிறம் என்பது பொருளில் உறைவதா, காண்பவரின் புலனில் பிறப்பதா என்று கலிலேயோ 1623-இல் வெளிவந்த நூலில் எழுப்பிய வினா இன்றும் தத்துவ வகுப்புகளில் ஓயவில்லை. அந்த வழக்கைத் தீர்க்காமலே ஒன்றைச் சொல்லலாம்: செந்நிற ஒளி வந்தது, கண் அதைச் சிவப்பெனக் கண்டிருக்கக் கூடும், கேமரா நெடுநேரம் காத்திருந்து அதைத் திரட்டியது.

கண்ணே சிறந்த சாட்சி என்று நாம் நம்புவதற்கும் வரலாறு இடம் தரவில்லை. அயர்லாந்தின் ராஸ் பிரபு 1840-களில் ஆறடி விட்டமுள்ள மாபெரும் தொலைநோக்கியைக் கட்டி, ஓரியன் விண்முகில் எண்ணற்ற விண்மீன்களாகப் பிரிந்து தெரிவதாக அறிவித்தார். நேர்மையானவர், தாம் கண்டதாக நம்பியதையே சொன்னார். 1864-இல் வில்லியம் ஹக்கின்ஸ் விண்முகில் ஒன்றின் ஒளியை நிறமாலையாகப் பிரித்துப் பார்த்தபோது, சில ஒளிக்கோடுகள் மட்டுமே தெரிந்தன. அது ஒளிரும் வளி என்பது தெளிவாயிற்று. ஓரியன் முகிலும் அவ்வாறே என விரைவில் உறுதியானது. கோடுகளில் பச்சையான ஒன்று எந்தத் தனிமத்துக்கும் பொருந்தவில்லை. நெபுலியம் என்று ஒரு புதுத் தனிமத்தைக் கற்பித்துக்கொண்டனர். அது இரண்டு எலக்ட்ரான்களை இழந்த ஆக்சிஜன்தான் என்று 1927-இல் ஐரா போவன் காட்டும் வரை அறுபது ஆண்டுகளுக்கு மேல் அந்த இல்லாத் தனிமம் நூல்களில் வாழ்ந்தது.

ஒளிப்படத்தின் சாட்சியம் 1880 செப்டம்பர் 30-இல் தொடங்குகிறது. அன்று நியூயார்க் அருகே ஹென்றி டிரேப்பர் 51 நிமிடங்கள் தகட்டைத் திறந்து வைத்து ஓரியன் விண்முகிலை முதன்முதலாகப் படம் பிடித்தார். மூன்றாண்டுகளில் இங்கிலாந்தின் ஆன்ட்ரூ காமன் எடுத்த படத்தில், எந்தக் கண்ணும் தொலைநோக்கியில் காணாத விண்மீன்களும் பதிந்திருந்தன. வண்ணப் பிலிம் வந்தபோது முகில் செக்கச்செவேலென ஆயிற்று. ஏனெனில் ஆக்சிஜனின் பச்சை ஒளி விழும் இடத்தில் அப்பிலிம்கள் பலவற்றுக்கு உணர்வு குறைவு. ஆக, கண் பச்சை சார்ந்த சாம்பல் என்றது. பிலிம் சிவப்பு என்றது. வண்ணக் கேமராவோ ஒவ்வொரு கட்டத்திலும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்றில் ஒன்றை மட்டும் அளந்து, மற்ற இரண்டையும் அண்டைக் கட்டங்களைப் பார்த்துக் கணிக்கிறது. நம் குடும்பப் படங்களும் இந்தக் கணிப்பால் ஆனவைதாம். அவற்றை நாம் பொய்யென்று சொல்வதில்லை.

இனி இளைஞரின் பங்கு. கேமரா தரும் படம் முதலில் ஏறக்குறையக் கறுப்பாகவே இருக்கும். சில விண்மீன்கள் மட்டும் தெரியும். மங்கிய பகுதிகளின் எண்களை உயர்த்தி, பளிச்சிடும் பகுதிகளை அடக்கி, உள்ளே மறைந்திருப்பதை வெளிக்கொணர வேண்டும். எதுவரை உயர்த்துவது? இதற்கு விதி ஏதும் இல்லை. அவர் என்னிடம் சொன்ன ஒரு செய்தி சிந்திக்கத் தக்கது. கருவியைச் சோதிக்க ஓரியன் முகிலைத் தேர்ந்தது, அதன் தோற்றம் எல்லோருக்கும் தெரியும் என்பதால்தான். அறிந்த பொருளைக் கொண்டே அறியாத கருவியைச் சோதிக்க முடியும். ஆனால் அறிந்த தோற்றம் மனத்தில் இருந்தபடியால், தம் படமும் அத்தோற்றத்தை அடையும்வரை கணினியில் திருத்திக்கொண்டே இருந்தாராம். அப்போது சோதிக்கப்படுவது கேமராவா, அவரது நினைவில் இருந்த பிறருடைய படமா? ஆய்வகங்களில் மட்டுமன்றி, பிள்ளைகளின் விடைத்தாளைத் திருத்தும் ஆசிரியருக்கும், நோயாளியின் சொல்லைக் கேட்கும் மருத்துவருக்கும் நேரும் சோதனை இது.

இதைவிடத் துணிவான செயல் ஒன்று உண்டு. 1995 ஏப்ரல் 1 அன்று ஹபிள் விண்தொலைநோக்கியால் ஜெஃப் ஹெஸ்டரும் பால் ஸ்கோவனும் கழுகு விண்முகிலைப் படமெடுத்தனர். ‘படைப்பின் தூண்கள்’ என்ற பெயரில் அப்படம் உலகெங்கும் சுவர்களில் ஏறியது. அக்கேமராவின் தகடு உறைநிலைக்குக் கீழே 88 டிகிரியில் இருந்தது. அதில் கந்தகத்தின் ஒளிக்குச் சிவப்பும், ஹைட்ரஜனின் ஒளிக்குப் பச்சையும், ஆக்சிஜனின் ஒளிக்கு நீலமும் கொடுக்கப்பட்டன. ஹைட்ரஜனின் அந்த ஒளி உண்மையில் சிவப்பு; அதனைப் பச்சையாக்கினர். ஏன்? கந்தகமும் ஹைட்ரஜனும் இரண்டுமே செந்நிறத்தில் ஒளிர்பவை. உள்ளபடி காட்டினால் ஒன்றோடொன்று கலந்து, எது எங்கே உள்ளதென்று புலப்படாது. வேறு வேறு நிறம் தந்தபோதுதான் தூண்களின் விளிம்பில் வளி எவ்வாறு அரிக்கப்படுகிறது என்பது தெரிந்தது. உள்ள நிறம் மறைத்த உண்மையை, இல்லாத நிறம் காட்டியது.

இது நமக்குப் புதிதன்று. வீரமாமுனிவர் 1726-இல் தேம்பாவணியை இயற்றியபோது, தமிழ்க் காப்பிய மரபுப்படி நாட்டுப் படலமும் நகரப் படலமும் வைத்து, சூசையப்பர் வாழ்ந்த யூதேய நாட்டைத் தமிழ் மருதத்தின் வளத்தோடு பாடினார். அங்கே அத்தகைய வயல்களும் வாவிகளும் இருந்தனவா என்று எவரும் அவர்மேல் வழக்குத் தொடுக்கவில்லை. ஏனெனில் காப்பியம் கேட்பவருக்கு அம்மரபு தெரியும். பாடுபவரும் கேட்பவரும் ஒரே உடன்படிக்கைக்குள் அமர்ந்திருக்கின்றனர். தூண்களின் படத்தைச் சுவரில் காணும் பள்ளி மாணவிக்கு அத்தகைய உடன்படிக்கை எதுவும் தெரியாது. ஒளிப்படம் என்றால் கண்டபடி காட்டுவது என்ற நம்பிக்கையோடுதான் அவள் பார்க்கிறாள். வானியலாளருக்குச் சான்றாக நிற்கும் அதே படம், அவளிடம் தவறான எண்ணத்தை விதைக்கிறது. படம் மாறவில்லை, பார்ப்பவரிடம் சொல்லப்பட்டதும் சொல்லப்படாததும் மாறிவிட்டன.

புனித அகுஸ்தினார் 395-ஆம் ஆண்டை ஒட்டிப் பொய்யைப் பற்றித் தனி நூலே எழுதினார். மனத்தில் ஒன்றும் சொல்லில் வேறொன்றுமாக, ஏமாற்றும் விருப்பத்தோடு உரைப்பதே பொய் என்பது அவர் கொண்ட வரையறை. நல்ல நோக்கத்திற்காகவும் அது கூடாது என்பதில் அவர் உறுதியாக நின்றார். நம் வள்ளுவர் சற்று நெகிழ்ந்தவர். குற்றமற்ற நன்மை விளையுமானால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறலாம் என்ற கருத்தை வாய்மை அதிகாரத்திலேயே வைத்தார். வண்ணப் படங்களுக்காக வாதிடுவோர் அறிந்தோ அறியாமலோ வள்ளுவர் பக்கம் நிற்கின்றனர்: ‘பிள்ளைகள் வானத்தை விரும்பத் தொடங்குகிறார்களே, அது நன்மையல்லவா?’

நன்மைதான், ஆனால் குற்றமற்ற நன்மையா? அப்படங்களைக் கண்டு மயங்கிய சிறுவன் ஒருவன் பெற்றோரைக் கெஞ்சித் தொலைநோக்கி வாங்குகிறான். முதல் இரவில் அதனுள் தெரிவது சாம்பல் புகை. தன் கருவி பழுதென்றோ, தன் கண் பழுதென்றோ எண்ணி, சில வாரங்களில் அதைப் பரண்மேல் போடுகிறான். வியப்பை வளர்க்கச் சொல்லாமல் விட்டது, வியப்பையே கொன்றுவிட்டது. அச்சாம்பல் புகைக்குள் விண்மீன்கள் பிறந்துகொண்டிருக்கின்றன என்பது வண்ணத்தைவிடப் பெரிய செய்தி. அதை அவனுக்கு முன்கூட்டிச் சொல்ல ஒருவரும் இல்லை. வள்ளுவர் விதித்த நிபந்தனையை இப்படங்கள், விளக்கம் இன்றி, நிறைவேற்றவில்லை என்பதே என் கருத்து.

நிறத்தை மாற்றுவதை மொழிபெயர்ப்பு என்று ஏற்றுக்கொள்ளலாம். எல்லா இடத்துக்கும் ஒரே விதியாகச் செய்து, விதியையும் சொல்லிவிட்டால், மூலத்திற்குத் திரும்பும் வழி திறந்தே இருக்கிறது. வராத ஒன்றைச் சேர்ப்பது வேறு வகை. 2023 மார்ச்சில் ஒருவர் நிலவின் படம் ஒன்றை வேண்டுமென்றே மங்கலாக்கி, கணினித் திரையில் வைத்து, கைப்பேசி ஒன்றால் படமெடுத்துக் காட்டினார். திரையில் இல்லாத பள்ளங்களும் மேடுகளும் கைப்பேசியின் படத்தில் தெளிவாகத் தோன்றின. நிலவு இப்படித்தான் இருக்கும் என்று பல படங்களால் பயிற்றுவிக்கப்பட்ட கைப்பேசி, தானே நிரப்பிவிட்டது. விண்முகிலுக்கும் இத்தகைய மென்பொருள்கள் வந்துள்ளன. இரைச்சலை நீக்குவதாகச் சொல்லி, ஒளி கொண்டுவராத இழைகளை அவை நெய்துவிடக் கூடும். நூறு இரவு விழித்து எடுத்த படமும், ஓரிரவு எடுத்து மென்பொருள் நிரப்பிய படமும் அருகருகே வைத்தால் ஒன்றுபோல் இருக்கும். முன்னது சாட்சி. பின்னதை நான் சாட்சி என்று சொல்ல மாட்டேன். அது வதந்தி, அழகான வதந்தி.

நீக்குவதில் உள்ள இடரை நாம் எளிதில் காண்பதில்லை. படங்களை அடுக்கும்போது, ஒன்றில் மட்டும் தோன்றி மற்றவற்றில் இல்லாததைக் கணினி பிழையெனத் தள்ளிவிடும். செயற்கைக்கோள்களின் கீற்றுகள் இவ்வாறு மறைகின்றன. முகிலின் படத்துக்கு அது தேவையே. எல்லா இடத்திலும் இது பொருந்துமா? 1977 மார்ச் 10 அன்று காவலூரில் ஒரு மீட்டர் தொலைநோக்கியில் பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் அமர்ந்திருந்தனர். யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை நெருங்கிக்கொண்டிருந்தது. கோள் வந்து சேரும் முன்பே, விண்மீனின் ஒளி சில வினாடிகள் திடீரெனக் குன்றி மீண்டது. அறியாத துணைக்கோளாக இருக்கலாம் என்று முதலில் கருதினர். இந்தியப் பெருங்கடலுக்கு மேலே விமானத்தில் பறந்தபடி ஆய்ந்த அமெரிக்கக் குழுவின் பதிவுகளும் பிறவும் சேர்ந்தபோது, யுரேனஸைச் சுற்றி வளையங்கள் உள்ளன என்பது உலகுக்குத் தெரிந்தது. முகில் ஏதோ கடந்தது, கருவி தடுமாறியது என்று அச்சில வினாடிகளை யாரேனும் துடைத்திருந்தால், சவ்வாது மலைக்குக் கிடைத்த அப்பெருமை துடைப்பத்தோடு போயிருக்கும். அவர்கள் கொடுத்த முதல் விளக்கம் தவறாயிற்று, பதிவு தவறவில்லை.

இக்கடற்கரையிலேயே இதற்கு முந்தைய எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. சியாமில் 1688-இல் நேர்ந்த அரசியல் புரட்சிக்குப்பின் புதுச்சேரிக்கு வந்த இயேசு சபைக் குரு ழான் ரிஷோ, 1689 டிசம்பரில் வால்மீன் ஒன்றை 12 அடி நீளத் தொலைநோக்கியால் நோக்கிக்கொண்டிருந்தார். அதன் அருகே தெற்கில் ஒளிர்ந்த ஆல்ஃபா சென்டாரி என்னும் விண்மீன், ஒன்றல்ல இரண்டு என்பதைக் கண்டார். அவர் தேடிச் சென்றது அதுவன்று. கேமரா இல்லை, படம் இல்லை; எந்த நாளில், எந்தக் கருவியால், எதைக் கண்டேன் என்ற சொல் மட்டுமே இருந்தது. அச்சொல் போதுமானதாயிற்று. ஏனெனில் ஐயுறுபவர் எவரும் அதே திசையில் தம் கருவியைத் திருப்பிப் பார்க்கலாம். வைகாசி இரவுகளில் புதுப்பட்டினத்துக் கடற்கரையில் நின்று தெற்கே அடிவானத்தை ஒட்டிப் பார்ப்பவர்கள் இன்றும் அவ்விண்மீனைக் காண்கின்றனர்.

வானியலாளர் தம் படங்களை ஃபிட்ஸ் என்னும் கோப்பு வடிவில் சேமிப்பதை இதனோடு இணைத்து எண்ணுகிறேன். 1981-இல் வெளியான அவ்வடிவில், படத்தின் எண்களுக்கு முன்பாக ஒரு தலைப்பகுதி உண்டு. எடுத்த நாள், நேரம், கருவி, திறந்திருந்த வினாடிகள், தகட்டின் வெப்பநிலை, பயன்படுத்திய வடிகட்டி, பின்னர் செய்த திருத்தங்கள் ஆகியவற்றை யாரும் படிக்கக் கூடிய எழுத்தில் அங்கே பதியலாம். படமும் அதன் கதையும் ஒரே கோப்பில் பிரியாமல் செல்லும். பழைய கோப்பு எதுவும் பிற்காலத்தில் படிக்க இயலாததாகி விடக் கூடாது என்பதை அவ்வடிவைப் பேணுவோர் நெறியாகக் கொண்டுள்ளனர். வத்திக்கான் நூலகம் தன்னிடமுள்ள ஏறத்தாழ 80,000 கையெழுத்துச் சுவடிகளை மின்வடிவில் காக்க முற்பட்டபோது, விண்மீன்களுக்காகச் செய்யப்பட்ட இந்த வடிவத்தையே தேர்ந்துகொண்டது.

அச்சிட்டுச் சுவரில் மாட்டும் படத்துக்கு அத்தகைய தலைப்பகுதி கிடையாது. ஆனால் சட்டத்தின் அடியில் நான்கு வரி எழுத இடம் இருக்கிறது: எந்த இரவுகள், மொத்தம் எத்தனை மணி நேரம், எந்த நிறம் எந்த வளிக்கு உரியது, எதை உயர்த்தினோம், எதை நீக்கினோம், நேரில் பார்த்தால் சாம்பலாகத் தெரியும் என்பதும்.